‘பார்க்கலாம்’ என்று சொல்லி அனுப்பாதீர்கள்: வாடகை வீடு குறித்த வாசகர் கேள்விகள்

வீட்டை வாடகைக்கு விட்டிருப்போரும் வாடகைக்கு இருப்போரும் எழுதிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம். முன்பணம், அறிவிப்புக் காலம், வாடகை உயர்வின் வரம்பு ஆகியவற்றில் சட்டம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், அவற்றை அவரவர் பகுதிச் சட்டத்தோடும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் வந்த கடிதங்களைப் படித்தபோது, சட்டம் வரை போக வேண்டிய சச்சரவு அவற்றில் குறைவு என்றே தோன்றியது. சொல்ல வேண்டியதை உரிய நேரத்தில் சொல்லாமல் விட்டதும், சொன்னதை எழுதி வைக்காததும்தான் பலரையும் இந்தப் பகுதிக்குக் கடிதம் எழுத வைத்திருக்கின்றன.

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு ஆண்டுகளாகக் குடியிருப்பவர் தன்மையானவர். வீட்டையும் சுத்தமாக வைத்திருக்கிறார். ஆனால் 5-ஆம் தேதி தர வேண்டிய வாடகை 12-ஆம் தேதிக்கு முன்பு வந்ததே இல்லை. கேட்டால் உடனே தந்துவிடுகிறார். கேட்காமல் விட்ட மாதம் 20-ஆம் தேதி ஆகிவிட்டது. மாதந்தோறும் கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஒருமுறை கடுமையாகப் பேசிவிடலாமா?

பதில்: கடுமைக்கு முன்பு நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருக்கிறது. அவருடைய சம்பளம் எந்தத் தேதியில் கைக்கு வருகிறது என்று கேட்டிருக்கிறீர்களா? 7-ஆம் தேதியோ 10-ஆம் தேதியோ சம்பளம் வாங்குபவரிடம் 5-ஆம் தேதியைக் கெடுவாக வைத்தால், அவர் ஒவ்வொரு மாதமும் தவறியவராகவும் நீங்கள் ஒவ்வொரு மாதமும் துரத்துபவராகவும் ஆகிவிடுவீர்கள். உங்களுக்கு வங்கிக் கடன் தவணை போன்ற நெருக்கடி இல்லாவிட்டால், கெடுவை 10-ஆம் தேதிக்கு மாற்றி, அதை ஒப்பந்தத்தின் இணைப்பாக ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டுக்கொள்ளுங்கள். தேதியைத் தள்ளிக் கொடுப்பதால் உங்கள் பிடி தளர்ந்துவிடாது. அவரே ஒப்புக்கொண்ட தேதி என்றான பின்பு, அதைத் தவறவிட்டால் கேட்பதற்கு உங்களுக்குக் கூச்சம் இருக்காது.

சம்பளம் முதல் தேதியிலேயே வருகிறது என்றால், கேட்டால்தான் தருவது என்ற வழக்கம் அவருக்குப் படிந்துவிட்டது என்று பொருள். அந்த வழக்கத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு; இரண்டு ஆண்டுகளாக 12-ஆம் தேதிதான் நீங்கள் கேட்டிருக்கிறீர்கள், அவரும் அதையே உண்மையான கெடுவாக எடுத்துக்கொண்டிருக்கிறார். இனி, கெடு தாண்டிய பின்பு கேட்பதை விட்டுவிட்டு, கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு நினைவூட்டுங்கள். தாமதத்துக்குப் பிறகு போகும் செய்தியில் எவ்வளவு இதமாக எழுதினாலும் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கும்; முன்கூட்டிப் போகும் செய்தியில் அது இருக்க வழியில்லை. செய்தி இப்படி இருந்தால் போதும்: “வணக்கம். நாளை மறுநாள், 5-ஆம் தேதி, இந்த மாத வாடகை செலுத்தும் நாள். செலுத்தியதும் ஒரு வரி தெரிவியுங்கள், ரசீது அனுப்பிவிடுகிறேன்.” ஒவ்வொரு மாதமும் இதே சொற்களை அனுப்புங்கள். சொற்கள் மாறாதபோது, நினைவூட்டலின் பின்னால் கோபம் இருக்கிறதா என்று அவர் தேடிப் பார்க்க மாட்டார்.

அதன் பிறகும் 6-ஆம் தேதி வரை பணம் வரவில்லை என்றால், அன்று மாலை தொலைபேசியில் அழையுங்கள். “ஏன் இன்னும் வரவில்லை?” என்று கேட்டால் ஒரு காரணம் கிடைக்கும், “எந்தத் தேதியில் எதிர்பார்க்கலாம்?” என்று கேட்டால் ஒரு தேதி கிடைக்கும். உங்களுக்குத் தேவை தேதிதான். கிடைத்த தேதியை அழைப்பு முடிந்ததும் ஒரு வரிச் செய்தியாக அவருக்கே அனுப்பிவிடுங்கள். அவர் பாதித் தொகை மட்டும் தந்தால் மறுக்காமல் வாங்கிக்கொண்டு, எந்த மாதத்துக்கான வாடகையில் எவ்வளவு வந்தது, எவ்வளவு பாக்கி என்று ரசீதிலேயே குறித்துக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து எந்த மாதம் எவ்வளவு வந்தது என்று இருவரும் நினைவிலிருந்து வாதிடுவதைப் போல வீணான வேலை வேறில்லை. ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: வாசலில் விளையாடும் அவர் பிள்ளையிடம் “அப்பாவை வாடகை கொண்டுவரச் சொல்” என்று சொல்லி அனுப்புவது. கடன்காரராகத் தம்மைத் தம் பிள்ளையின் முன் நிறுத்தியவரை யாரும் மன்னிப்பதில்லை.

கேள்வி: குடியிருப்பவர்கள் வெளியூர் போயிருந்தபோது, என்னிடம் இருந்த மாற்றுச் சாவியால் திறந்து, குழாய்கள் சரியாக மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பூட்டினேன். நல்லெண்ணத்தில்தான் செய்தேன். திரும்பி வந்ததிலிருந்து அந்த அம்மா என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. என் வீட்டுக்குள் நான் போனது தவறா?

பதில்: தவறுதான். வீடு உங்கள் பெயரில் இருக்கிறது, குடித்தனம் அவர்களுடையது. உள்ளே கொடியில் காயும் துணியும், மேசைமேல் திறந்து கிடக்கும் வங்கிப் புத்தகமும், படுக்கை அறையின் ஒழுங்கும் ஒழுங்கின்மையும் வாடகையோடு சேர்த்து உங்களுக்குக் காட்டப்பட்டவை அல்ல. 1948-இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபை ஏற்றுக்கொண்ட உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 12-ஆவது பிரிவு, எவருடைய தனிவாழ்விலும் குடும்பத்திலும் இல்லத்திலும் தன்னிச்சையாகத் தலையிடக் கூடாது என்கிறது. இல்லம் என்ற அந்தச் சொல் சொந்த வீட்டுக்கும் வாடகை வீட்டுக்கும் வேறுபாடு காட்டவில்லை.

நீர் பெருகி வெளியே வருகிறது, புகை வாடை வருகிறது, உள்ளே யாரோ மயங்கிக் கிடப்பதாகத் தெரிகிறது என்பன போன்ற அவசரங்களில் திறந்து போகலாம். அப்போதும் அவரைத் தொலைபேசியில் அழைத்துக்கொண்டே, சாட்சிக்கு ஒருவரை உடன் வைத்துக்கொண்டு போவது நல்லது. மற்ற நேரங்களில் குறைந்தது ஒரு முழு நாள் முன்னதாக, எதற்காக வருகிறீர்கள், யார் உடன் வருவார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரிவித்து, அவர் சம்மதித்த பின்பே போக வேண்டும். உங்கள் பகுதிச் சட்டமோ ஒப்பந்தமோ இதைவிட நீண்ட அவகாசம் சொன்னால் அதுவே கணக்கு.

இப்போது செய்ய வேண்டியது, காரணம் எதுவும் சேர்க்காமல் மன்னிப்புக் கேட்பது. “நல்லெண்ணத்தில்தான்” என்ற சொல்லை இந்த ஒரு முறை விட்டுவிடுங்கள். அது வந்தால் மன்னிப்பு விளக்கமாக மாறிவிடும். மாற்றுச் சாவியை ஓர் உறையிலிட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் அந்த அம்மாவையே கையெழுத்திடச் சொல்லி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். உறை கிழிந்தால்தான் சாவி வெளியே வரும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கும்.

கேள்வி: படுக்கை அறைச் சுவரில் கருப்பாகப் பூஞ்சை படர்கிறது, சுவர் ஓதம் காக்கிறது என்று குடியிருப்பவர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர்கள் சன்னலைத் திறப்பதே இல்லை, ஈரத்துணியை அறைக்குள்ளேயே காயப்போடுகிறார்கள், அதனால்தான் வருகிறது என்பது என் எண்ணம். “பார்க்கலாம்” என்று சொல்லியிருக்கிறேன். இப்போது அவர் வாடகையைப் பிடித்தம் செய்வேன் என்கிறார்.

பதில்: முதலில் அந்தப் “பார்க்கலாம்” என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். நானும் ஒரு காலத்தில் வீடு வாடகைக்கு விட்டிருந்தேன். சமையலறைத் தொட்டியில் தண்ணீர் தேங்குகிறது என்று குடியிருந்தவர் சொன்னபோது இதே சொல்லைத்தான் சொன்னேன். நான் நினைத்தது, “இப்போதைக்கு முடியாது, பிறகு யோசிக்கிறேன்” என்பது. அவர் எடுத்துக்கொண்டது, “ஆளை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறேன்” என்பது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை எங்கும் போகாமல் வீட்டிலேயே காத்திருந்திருக்கிறார் என்று பின்னால்தான் தெரிந்தது. நம் மொழியில் மறுப்பதற்கும் ஒப்புவதற்கும் தள்ளிப்போடுவதற்கும் இந்த ஒரே சொல் உதவுகிறது. உறவுக்குள் அது வசதியாக இருக்கலாம். பழுது பார்க்கும் விஷயத்தில் கேட்பவர் தமக்கு வேண்டியதையே அதில் கேட்டுக்கொள்வார். எனவே, “வியாழக்கிழமை காலை 10 மணிக்கு வந்து பார்க்கிறேன், பார்த்த பிறகு என்ன செய்வது என்று அன்றே சொல்கிறேன்” என்று நாளோடும் நேரத்தோடும் சொல்லுங்கள்.

இனி சுவர். ஓதத்துக்குக் காரணம் யார் என்று வாதிடுவதற்கு முன்பு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று இருவரும் சேர்ந்து பார்க்க வேண்டும். பொதுவாக அது மூன்று வழிகளில் வரும். தரையிலிருந்து மேலேறும் ஈரம் சுவரின் அடிப்பகுதியில் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் வரை நிற்கும். அதன் விளிம்பில் அலை வந்து போன தடம் போல ஒரு கோடும், வெள்ளையாக உப்புப் பூத்ததும் தெரியும். குழாயிலோ கூரையிலோ ஒழுகும் நீர் ஓரிடத்தில் பழுப்பு வளையமாகத் தொடங்கி, மழைக்குப் பிறகோ மேல்வீட்டார் குளித்த பிறகோ பெரிதாகும். மூன்றாவது, அறைக் காற்றில் உள்ள ஈரம் குளிர்ந்த சுவரில் பட்டு வியர்ப்பது; அது மூலைகளிலும் சன்னல் ஓரங்களிலும், சுவரோடு ஒட்டிப் போட்ட பீரோவின் பின்புறத்திலும்தான் முதலில் காணப்படும்.

ஐயம் தீரவில்லை என்றால் ஓர் எளிய சோதனை இருக்கிறது. அந்த இடத்தைத் துடைத்து உலரவிட்டு, ஓர் அடிச் சதுர அளவில் அலுமினியத் தாளைச் சுவரில் வைத்து நான்கு விளிம்புகளையும் காற்றுப் புகாமல் ஒட்டுங்கள். ஒன்றிரண்டு நாள் கழித்துப் பார்க்கும்போது தாளின் மேற்புறம் நனைந்திருந்தால் ஈரம் அறைக் காற்றிலிருந்து வருகிறது. சுவரை ஒட்டிய உட்புறம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது; அதைச் சரிசெய்வது உங்கள் பொறுப்பு, சன்னலைப் பற்றிய பேச்சுக்கு இடமில்லை. தாளை அவர் கண் முன்னால் ஒட்டி, அவர் கண் முன்னால் எடுக்க வேண்டும். சோதனையைவிட அதை இருவரும் சேர்ந்து பார்த்தார்கள் என்பதே பாதிச் சண்டையைத் தீர்த்துவிடும்.

காற்றின் ஈரமே காரணம் என்று தெரிந்தாலும் குடியிருப்பவரைக் குற்றவாளியாக்கி முடித்துவிட முடியாது. துணி காயப்போட வெளியே இடம் இருக்கிறதா? குளியலறையில் காற்றை வெளியேற்றும் விசிறி ஓடுகிறதா? சன்னலுக்குக் கொசுவலை இருக்கிறதா, தாழ்ப்பாள் விழுகிறதா? மூடியே வைத்திருக்கும் சன்னலுக்குப் பெரும்பாலும் ஒரு காரணம் இருக்கும். உங்கள் கடிதத்தில் மூன்று மாத வருத்தம் இருக்கிறது, ஆனால் ஏன் திறப்பதில்லை என்று கேட்டதாக ஒரு வரி இல்லை. அறையின் ஈரப்பதம் 60 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சைக்கு வளர்ச்சி கடினம். அதைக் காட்டும் சிறு கருவி ஒன்றை வாங்கி அந்த அறையில் வையுங்கள். எங்காவது நீர் கொட்டி நனைந்தால் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் உலர்த்திவிட்டால் பெரும்பாலும் பூஞ்சை பிடிப்பதில்லை என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள். பூஞ்சையின் மேல் வெறுமனே வண்ணம் அடித்து மறைக்க வேண்டாம். ஈரம் இருக்கும்வரை அது வண்ணத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

வாடகைப் பிடித்தம் பற்றி: பல இடங்களில் அப்படித் தாமாகப் பிடித்தம் செய்வது குடியிருப்பவரைத்தான் சிக்கலில் மாட்டிவிடும். ஆனால் அதை அவருக்கு எதிரான ஆயுதமாக எடுக்காதீர்கள். மூன்று மாதம் பதில் வராதவர் கையில் கிடைத்த ஒரே கயிற்றை இழுத்துப் பார்க்கிறார்.

கேள்வி: நான்கு குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறேன். வாடகை தராதவர் பெயரை அதில் போட்டால் உடனே பணம் வந்துவிடுகிறது. என் மகன் இது சரியில்லை என்கிறான்.

பதில்: மகன் சொல்வது சரி. தண்ணீர்த் தொட்டி கழுவும் நாள், மின்தடை, வாசல் கதவு பூட்டும் நேரம் ஆகியவை குழுவுக்கு உரியவை. ஒருவருடைய பணம், ஒருவர்மேல் வந்த புகார், ஒருவர் வீட்டு விருந்தினர் ஆகியவை தனிச் செய்திக்கு உரியவை. பெயரைப் போட்டதும் பணம் வருவது உண்மைதான்; அந்தப் பணத்தோடு அவர் வேறு வீடு தேடவும் தொடங்கியிருப்பார். இரவு ஒன்பது மணிக்கு மேல் குழுவில் எதுவும் போடாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: மூன்று ஆண்டுகளாக வாடகையைக் கூட்டவில்லை. இப்போது 15 சதவீதம் கேட்டால், 10 சதவீதத்துக்கு மேல் முடியாது, காலி செய்துவிடுகிறேன் என்கிறார். விட்டுக்கொடுக்கலாமா?

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். இப்போதைய வாடகையை 100 பங்கு என்று வைத்துக்கொண்டால், உங்களுக்கும் அவருக்கும் இடையில் மாதம் 5 பங்குதான் வேறுபாடு. அவர் காலி செய்து வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் நீங்கள் இழப்பது அவர் தர ஒப்பிய 110 பங்கு. அதை மாதம் 5 பங்காக மீட்க 22 மாதங்கள் ஆகும். வண்ணம் அடிக்கும் செலவும், புதியவரைத் தேடும் செலவும், வருபவர் எப்படிப்பட்டவரோ என்ற கவலையும் இதில் சேரவில்லை. ஒழுங்காக வாடகை தருபவர், வீட்டைப் பேணுபவர் என்றால் 10 சதவீதத்துக்கு ஒப்புக்கொள்ளுங்கள்.

உங்கள் 15 சதவீதம் அநியாயம் என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கு 5 சதவீதம் கூட்டியிருந்தால் மூன்றாண்டில் 100 என்பது 115.76 ஆகியிருக்கும். ஆனால் மூன்று ஆண்டுகள் பேசாமல் இருந்ததை நீங்கள் சலுகையாக நினைத்திருக்கிறீர்கள், அவருக்கு அது சலுகை என்று யாரும் சொல்லவில்லை. இந்த முறை உடன்படும்போதே அடுத்த உயர்வு எந்த மாதம், எவ்வளவு என்று எழுதிக்கொள்ளுங்கள். அந்த மாதத்துக்கு இரண்டு மூன்று மாதம் முன்பே ஒருமுறை நினைவூட்டிவிடுங்கள்.

கேள்வி: நான் வாடகைக்கு இருந்தவள். நான்கு ஆண்டுகள் இருந்த வீட்டைக் காலி செய்தபோது, சுவரில் ஆணி அடித்த துளைகள், என் குழந்தை கிறுக்கிய ஒரு சுவர் ஆகியவற்றைக் காட்டி, வீடு முழுவதும் வண்ணம் அடிக்கும் செலவை முன்பணத்தில் கழித்துவிட்டார்கள். இது முறையா?

பதில்: முறையில்லை, ஆனால் முழுத் தொகையும் திரும்பி வர வேண்டும் என்றும் சொல்ல மாட்டேன். நான்கு ஆண்டுப் புழக்கத்தில் வண்ணம் மங்குவதும், நாள்காட்டி மாட்டிய இடத்தில் சிறு துளை இருப்பதும் இயல்பான தேய்மானம்; அதற்குத்தான் இத்தனை மாதம் வாடகை தந்தீர்கள். குழந்தை கிறுக்கிய சுவர் துடைத்தும் போகவில்லை என்றால் அது சேதம். அந்தச் சேதத்துக்கும் புது வண்ணத்தின் முழு விலையை உங்களிடம் கேட்பது நியாயமில்லை. ஒரு பூச்சு 6 ஆண்டு தாங்கும் என்று இருவரும் ஒப்புக்கொண்டால், 4 ஆண்டு ஏற்கெனவே கழிந்துவிட்டது. ஆகவே அந்த ஒரு சுவருக்கு ஆகும் செலவில் மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது. இந்தக் கணக்கை எழுதி, பழுதுச் செலவின் ரசீதைக் கேட்டு, நிதானமான ஒரு கடிதமாக அனுப்புங்கள். பல பகுதிகளில் முன்பணத்தைக் கணக்குக் காட்டித் திருப்பித் தரக் காலக்கெடு உண்டு. உங்கள் பகுதியில் எத்தனை நாள் என்று பார்த்து அதையும் குறிப்பிடுங்கள்.

வீட்டுக்காரர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. குடிவரும் நாளன்று ஒவ்வோர் அறையையும் இருவரும் சேர்ந்து நடந்து பார்த்து, சுவர், தரை, குழாய், மின்விளக்கு, சாவிகளின் எண்ணிக்கை, மின்மானியின் அளவு ஆகியவற்றை எழுதி, படம் எடுத்து, அந்தப் படங்களை அன்றே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளுங்கள். காலி செய்யும் நாளில் அதே பட்டியலோடு அதே வரிசையில் நடக்க வேண்டும். சொட்டும் குழாயையும் அதில் எழுதுங்கள். நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு 86,400 சொட்டு, நான்கு சொட்டு ஒரு மில்லிலிட்டர் என்று கொண்டால் 21 லிட்டருக்கு மேல். பிறகு தண்ணீர்க் கட்டணம் ஏன் கூடியது என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியிருக்காது.

கேள்வி: ஏழு ஆண்டுகளாக எங்கள் வீட்டில் இருப்பவர்கள் உறவினர் போல ஆகிவிட்டார்கள். என் மகள் குடும்பத்துடன் திரும்பி வருவதால் வீடு எங்களுக்கே தேவைப்படுகிறது. எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு மாதமாகத் தவிக்கிறேன்.

பதில்: அந்த இரண்டு மாதமும் அவர்களுடையவை. அன்றே சொல்லியிருந்தால் வீடு தேட அவர்களுக்கு இரண்டு மாதம் கூடுதலாகக் கிடைத்திருக்கும். பெரிய பழுது பார்க்க வேண்டும், வீட்டை விற்கப்போகிறோம் என்றெல்லாம் பொய்க் காரணம் கட்டாதீர்கள். மகள் வந்து இறங்கும் நாளில் அது தெரிந்துவிடும், ஏழு ஆண்டு நட்பும் அன்றோடு போய்விடும்.

நேரில் போய்ச் சொல்லுங்கள், கணவன் மனைவி இருவரும் வீட்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து. முதல் வாக்கியத்திலேயே செய்தி வந்துவிட வேண்டும்: “மகள் குடும்பத்தோடு திரும்பி வருகிறாள், இந்த வீடு அவளுக்குத் தேவைப்படுகிறது.” சுற்றி வளைத்து அரை மணி நேரம் பேசிய பின்பு இதைச் சொன்னால், அந்த அரை மணி நேர அன்பெல்லாம் இதற்கான முன்னுரைதானா என்று அவர்களுக்குத் தோன்றும். அடுத்து தேதி. ஒப்பந்தம் மூன்று மாத அறிவிப்பு கேட்கிறது என்றால், பிள்ளைகளின் தேர்வு முடிவதற்காக இன்னும் ஒரு மாதம் சேர்த்துத் தர முடியுமா என்று வீட்டில் முன்பே பேசி முடிவு செய்துகொண்டு போங்கள். அங்கே போய் யோசிக்காதீர்கள். முன்பணம் எந்த நாளில் கைக்கு வரும் என்பதையும் அவர்கள் கேட்பதற்கு முன்பே சொல்லுங்கள், ஏனெனில் புது வீட்டுக்கு முன்பணம் கட்ட அவர்கள் அதைத்தான் நம்பியிருப்பார்கள். பாதியை முன்னதாகவே தர முடிந்தால் அதைவிடப் பெரிய உதவி இல்லை.

அதே நாள் மாலை, பேசியதை எல்லாம் தேதியோடு கடிதமாக எழுதிக் கொடுங்கள். “இவ்வளவு பழகிவிட்டு எழுத்தில் எதற்கு?” என்று அவர்கள் வருந்தினால், எழுத்தில் இருப்பது அவர்களுக்கும் காவல், சொன்ன தேதிக்கு ஒரு நாள் முன்னதாகக்கூட நீங்கள் அவர்களை அவசரப்படுத்த முடியாது என்று விளக்குங்கள். அதுவரை வீட்டைப் பார்க்க மகளையும் மருமகனையும் அழைத்துக்கொண்டு போகாதீர்கள்.